ரேமை கூரியரில் அனுப்பறீங்களா? பபிள் ராப் மட்டும் போதாது!

பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய 8 ஜிபி ரேமை ஆன்லைனில் வித்தாச்சு. நாலு சுத்து பபிள் ராப், மேலே செல்லோடேப், ஒரு அட்டைப்பெட்டி. கூரியரும் போயாச்சு. மூணாவது நாள் வாங்கியவரிடமிருந்து மெசேஜ்: 'ப்ரோ, டிஸ்ப்ளேவே வரலை!' போன வாரம் வரை உங்கள் வீட்டில் ஓடிய ரேம். அவர் பொய் சொல்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் சுற்றிய பபிள் ராப்பே அதன் கதையை முடித்திருக்கலாம்.

காரணம், ஸ்டாட்டிக் எனப்படும் நிலைமின்சாரம். பலூனைத் தலையில் தேய்த்தால் முடி எழுந்து நிற்குமே, அதே சமாசாரம்தான். பிளாஸ்டிக், தெர்மாகோல் உரசினாலும், டேப்பை சர்ரென்று இழுத்தாலும் உருவாகும். கதவுக் கைப்பிடியில் 'சுருக்'கென்று அடிப்பதை நாம் உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்களுக்கு 100 வோல்ட்டே எமன். நமக்குத் தெரியாமலேயே அது காலி! அரைகுறையாக அடிபட்டு, இன்றைக்கு ஓடி, ரெண்டு மாசம் கழித்துப் படுத்துவிடுவதும் உண்டு. இதுதான் பெரிய தலைவலி.

புது மதர்போர்டு வாங்கினால் வெள்ளி நிறத்தில், லேசாக உள்ளே தெரிகிற ஒரு கவர் வருமே... அதைத் தூக்கிப் போடாதீங்க. அதிலுள்ள மெல்லிய உலோகப் படலம், வெளியே வரும் மின்னூட்டத்தை உள்ளே விடாது. ஆனால் வாயை மடித்து ஒட்டியிருக்க வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. பிங்க் கவரும் இதுவும் ஒண்ணு என்று பலர் நினைக்கிறார்கள். பிங்க் கவர் தானாக ஸ்டாட்டிக்கை உருவாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளி கவருக்கு மேலே பபிள் ராப் சுற்றிக்கொள்ளலாம்.

கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் தனி சிப் என்றால், அதற்கென்றே விற்கும் கறுப்பு ஃபோமில் குத்தி வையுங்கள். அலுமினியம் ஃபாயிலும் கைகொடுக்கும். பேட்டரி உள்ள போர்டுக்கு மட்டும் ஃபாயில் வேண்டவே வேண்டாம், ஷார்ட் ஆகிவிடும்.

தொடுவதற்கு முன், எர்த் உள்ள பிளக்கில் மாட்டி சுவிட்ச் ஆஃப் செய்த கம்ப்யூட்டர் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் ஓரத்தைப் பிடியுங்கள், தங்க நிறப் பட்டைகளில் விரல் படக் கூடாது. ஏசி அறையின் வறண்ட காற்றில் ஸ்டாட்டிக் அதிகம். நாம் திட்டித் தீர்க்கும் சென்னைப் புழுக்கம் இந்த விஷயத்தில் நண்பன்!

வாங்குபவருக்கும் இதையெல்லாம் ஒரு மெசேஜில் தட்டிவிடுங்கள். முக்கியமாக, ரேமை வெளியே எடுத்து அந்த வெள்ளி கவர் மேலேயே வைக்க வேண்டாம் எனச் சொல்லுங்கள். பாதுகாப்பு கவருக்கு உள்ளேதான், மேலே இல்லை.