திரையில் வரும் பொய்ப் பயமுறுத்தல்

பிள்ளைகளின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய கணனி ஹட்டன், நுவரெலியா தோட்ட லயங்களிலும் இருக்கிறது. ஒருநாள் திடீரென அதன் திரை சிவக்கும், சத்தம் எழும். "பாதுகாப்பு எச்சரிக்கை! வைரஸ் புகுந்துவிட்டது. உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று எழுத்துகள் தோன்றும். போர்க்காலத்தைக் கடந்துவந்த எமக்கு அந்தச் சொற்களே நெஞ்சைப் பதறச் செய்யும். மோசடிக்காரர் நம்பியிருப்பதும் அந்தப் பதற்றத்தைத்தான்.

ஒன்றை மனதில் வைத்திருப்போம். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி இலக்கம் இராது. எனவே அழைக்க வேண்டாம். வங்கி அட்டை விபரமும் கொடுக்க வேண்டாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் பட்டியலில் குரோம் போன்ற இணைய உலாவியைத் தெரிவுசெய்து மூடுங்கள். முடியாவிட்டால், கணனி அணையும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பின்பு, விண்டோஸுடன் இலவசமாகவே வரும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' மூலம் முழுச் சோதனை செய்யுங்கள்.

ஏற்கனவே அழைத்து, அவர்கள் சொன்னபடி செய்துவிட்டீர்களா? இணையத் தொடர்பைத் துண்டித்து, உடனே வங்கிக்கு அறிவியுங்கள். வேறொரு கணனியிலோ கைபேசியிலோ கடவுச்சொற்களை மாற்றுங்கள். 2006இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் 101 என்ற இலக்கத்தில் உதவி கேட்கலாம். பிறர் கணனிக்குள் அனுமதியின்றிப் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும்.

ஏமாந்தவர் வெட்கப்பட எதுவுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதைச் சொல்லிவைப்போம்.