தாத்தாவின் கடைசி கார்!

1966 மார்ச், ஜெனிவா கார் கண்காட்சி. கூரையை மடக்கிவிட்டு ஜாலியாகப் பறக்கலாம் என்று ஒரு குட்டி காரை இறக்கியது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ. பெயர் ஸ்பைடர். உடல்வாகு, பினின்ஃபரீனா கம்பெனியின் கைவண்ணம். அதன் நிறுவனர் பாட்டிஸ்டாவுக்கு அப்போது வயசு 72.

‘சின்ன வண்டிதானே’ன்னு நினைச்சுடாதீங்க! 1,570 சி.சி. இன்ஜின், இரட்டை கேம்ஷாஃப்ட், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அஞ்சு கியர். அந்தக் காலத்தில் பல கார்களுக்கு நாலு கியரே பெரிசு!

1967-ல் வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஓட்டியது இதைத்தான். காதலியின் கல்யாணத்தைத் தடுக்கப் பறக்கும்போது பெட்ரோல் தீர்ந்து, வண்டி நடுவழியில் மக்கர்!

அந்தப் புகழைப் பார்க்க பாட்டிஸ்டா இல்லை. கண்காட்சிக்கு அடுத்த மாசமே, ஏப்ரல் 3-ல் காலமாகிவிட்டார். அவர் கைபட்ட கடைசி கார் மட்டும், அங்கங்கே மெருகேறி, கால் நூற்றாண்டுக்கும் மேல் ஃபாக்டரியிலிருந்து வந்துகொண்டே இருந்தது!