கௌதமபுரத்தில் பீலே

பெங்களூரு அல்சூர்ப் பகுதியிலுள்ள கௌதமபுரம், தமிழர் பலர் வாழும் எளியோர் குடியிருப்பு. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு கால்பந்து வீரர் பீலேயின் சிலையும் உண்டு. 1958, 1962, 1970 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணிகளில் ஆடிய அவர், 2022 டிசம்பர் 29ஆம் நாள் தமது 82ஆம் வயதில் காலமானார். கௌதமபுரத்து அன்பர்கள் அச்சிலையின் முன் அஞ்சலி செலுத்தினர்.

எங்கோ பிறந்தவர்க்கு இங்கே சிலை ஏன்? பீலே, பழந்துணி திணித்த காலுறையைப் பந்தாக்கி உதைத்துப் பழகிய ஏழைச் சிறுவர். கௌதமபுரத்திலும் வறுமையிடையே பந்தாடி, மாநில அணியிலும் தேசிய அணியிலும் இடம் பெற்றோர் உண்டு. ஆகவே அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டனர். பட்ட பாடு ஒன்றாயின் கடல் கடந்தவரும் உறவினரே என்பதை, ஊர் விட்டு வந்து வாழும் நாம் நன்கு அறிவோம்.