வீட்டுக்கு முன் அஸ்திவாரம்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொன்னார்கள். கட்டிய வீட்டைப் பெயர்த்துப் புது அஸ்திவாரத்தில் நிறுத்திப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த நிர்ப்பந்தம் அவர்களுக்கு அடிக்கடி நேர்ந்ததில்லை. நமக்கோ நேர்ந்திருக்கிறது. சாலை அகலமாகிறது, நகரம் வயலுக்குள் நுழைகிறது, நாலு தலைமுறை நெல் சேர்த்த வீடு ஒரு நாள் சர்வே கல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. பொன்மலைக்கு அருகே செல்லும் தஞ்சாவூர்ச் சாலையில், பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்பாரும், அதற்காகத் தங்கள் கட்டிடங்கள் போகலாகாது என்பாரும் பல்லாண்டு வாதாடியதைத் திருச்சிவாசிகள் அறிவார்கள். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆனால் இத்தகைய வாதங்களில் இடிப்பதா, விடுவதா என்ற இரண்டே வழிகள்தாம் பேசப்படுகின்றன. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அது வீட்டையே இடம் மாற்றுவது.

இது கற்பனையன்று. 2022-ஆம் வருஷம் பஞ்சாப் மாகாணத்தின் சங்குரூர் ஜில்லாவில், டில்லி–கத்ரா விரைவுச் சாலைக்குக் குறுக்கே நின்ற தம் மாடி வீட்டை ஒரு விவசாயி இடிக்க மனமின்றி, ஜாக்கிகளால் தூக்கி உருளைகளின்மேல் நகர்த்தலானார். 500 அடிக்கு அப்பால் கொண்டு நிறுத்துவது அவர் நோக்கம். சுவீடன் தேசத்தில் ஆர்தர் ஹாசேலியஸ் என்பவர் மோரா என்னும் ஊரின் உழவர் வீடு ஒன்றை 1885-இலேயே வாங்கினார். 1891-இல் தலைநகரில் அவர் திறந்த ஸ்கான்சென் காட்சிசாலையில் அது நிலைபெற்றது. நம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கேரளத்தின் பழைய மர வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மறுபடியும் எழுந்து நிற்கின்றன.

இவற்றில் இரு முறைகள் இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஜாக்கி முறை, செங்கல்லும் சிமெண்டும் கொண்ட இக்கால வீடுகளுக்கு உரியது. சுவரடியைச் சிறிது சிறிதாகத் தோண்டி, இரும்புச் சட்டம் கோத்து, எல்லா ஜாக்கிகளையும் ஒரே சீராகத் திருக வேண்டும். ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரிந்துவிடும். நம் பக்கத்துப் பழைய மண்சுவர் வீட்டுக்கு இம்முறை ஒத்துவராது. அதற்குப் பிரித்தெடுக்கும் முறையே தகும். முதலில் ஓடு இறங்க வேண்டும். பிறகு கைமரம், விட்டம், உத்தரம், தூண், கதவு, நிலை என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு இறக்க வேண்டும். சுவரை எடுத்துச் செல்ல இயலாது. ஆனால் அதே மண்ணை ஊறவைத்து மிதித்து மறுபடியும் சுவராக்கலாம். திண்ணையும் முற்றமும் பழைய அளவிலேயே அமையும். அந்தத் தேக்கும் வைரம் பாய்ந்த பனையும் இன்று விலை கொடுத்தாலும் எளிதில் கிடைப்பவையல்ல. இதை அறியாமல் அவசரத்தில் இடிப்பவனுக்கு எஞ்சுவது புழுதி. அவனுடைய கதவும் தூணும் பழஞ்சாமான் கடையில் வேறொருவன் விலைக்குப் போகும்.

எம்முறையானாலும் மாறாத விதி ஒன்று உண்டு. புது அஸ்திவாரம் முதலில் தயாராக வேண்டும். அதன் பிறகே பழைய வீட்டின்மேல் கை வைக்க வேண்டும். இவ்விதியை மீறினால் என்ன நேரும் என்பதைப் பொன்மலையே ஒரு காலத்தில் கண்டது. தென்னிந்திய ரயில்வேயார் நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பட்டறை வேலைகளைப் பொன்மலையில் ஒருங்கு சேர்த்தனர். இயந்திரங்களுக்கு அஸ்திவாரம் கச்சிதமாகப் போடப்பட்டது. தொழிலாளருக்கோ ஆட்குறைப்பே காத்திருந்தது. 1928 ஜூலையில் மூண்ட பெரிய வேலைநிறுத்தத்துக்கு அதுவே காரணம். அதில் ம. சிங்காரவேலர் சிறை சென்றார். இரும்புக்குக் காட்டிய முன்யோசனையை மனிதருக்குக் காட்டவில்லை என்பதே அன்றைய குறை.

அந்நிய ஆட்சி போயிற்று, சட்டமும் மாறியிருக்கிறது. 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்துக்குப் பதிலாக 2013-இல் வந்த சட்டம், குடிபெயர்க்கப்படும் குடும்பங்களுக்கு மறுவாழ்வு ஏற்பாடுகளை முடித்த பின்னரே அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று கலெக்டர்மேல் பொறுப்பு வைக்கிறது. குடும்பம், வீட்டுச் சாமான், கால்நடை ஆகியவற்றோடு, கட்டிடப் பொருள்களையும் கொண்டுசெல்ல 50,000 ரூபாய் அளிக்கிறது. இதன் நஷ்டஈட்டு, மறுவாழ்வு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும். ஆகவே வீட்டைப் பிரித்துக் கொண்டுபோகும் குடியானவனைச் சட்டம் நினைத்தே இருக்கிறது. அந்த நினைவு தாலுகா கச்சேரி வரை வந்து சேர வேண்டாமா? ஐம்பதினாயிரம் ரூபாய் லாரிக் கூலிக்குப் போதலாம். தச்சர், கொத்தர் கூலிக்கும் புதுக் கடைக்காலுக்கும் எங்ஙனம் போதும்?

சர்க்கார் செய்யத்தக்கவை கடினமானவையல்ல. வீட்டை மதிப்பிட வரும் அதிகாரி, இது பிரிக்கத்தக்கதா, நகர்த்தத்தக்கதா என்பதையும் எழுதட்டும். தகுமென்றால், புதுக் கடைக்கால் இறுகுமளவு தவணை கொடுக்கட்டும். அறுவடைக் காலத்தையும் மழைக்காலத்தையும் அதில் சேர்க்கலாகாது. குடியானவன் எடுத்துச் செல்லும் மரத்துக்கும் ஓட்டுக்கும் நஷ்டஈட்டில் கழிவு வைக்கலாகாது. பிரித்துச் சேர்க்கும் கூலி உண்மைக் கணக்குப்படி தரப்பட வேண்டும்.

ஊர்ப் பணியாற்றும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் வந்த வீட்டின் முன் கோஷமிடப் பலர் வருகிறார்கள். அவ்வீட்டின் படத்தை அளவோடு எழுதிவைக்கவும், பழைய மூட்டு அறிந்த தச்சரைத் தேடித் தரவும், மனுவில் மேற்சொன்ன சட்ட விதிகளைக் காட்டவும் வருவோர் சிலரே. அவர்கள் பெருக வேண்டும்.

சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேசம் முன்னேற வழி விடுபவன் வீதியில் நிற்கக் கூடாது என்றுதான் சொல்லுகிறோம். அவன் வீட்டின் முதல் ஓடு இறங்குமுன், அவனுடைய புது மனையில் கடைசிக் கல் இறுகியிருக்க வேண்டும்.