அடித்த அண்ணனும் அவரே, அழுத அம்மாவும் அவரே

தன் வாழ்க்கையைத் தானே தனியாளாக மேடையில் நடிக்கிறவருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. கதையில் வருகிற அத்தனை பேராகவும் அவரே வந்தாக வேண்டும். அடித்த அண்ணனின் ஆத்திரத்தை அவர் தன் தொண்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். தலைமாட்டில் உட்கார்ந்து அழுத அம்மாவின் புலம்பலையும் அவரே புலம்ப வேண்டும். குடும்பத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தள்ளி நிற்க வழியே இல்லை. திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' நாடகம் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வந்தே தீர வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். மூன்று அண்ணன், ஒரு அக்காவுக்குப் பிறகு கடைக்குட்டியாகப் பிறந்த ஆண் பிள்ளை. லாரி, பால் வியாபாரம் என்று உழைத்துப் பிழைத்த குடும்பம். கடைசிப் பிள்ளை என்பதால் செல்லத்துக்குக் குறைவில்லை. மாரியம்மன் திருவிழாவில் அந்தப் பிள்ளை குறத்தி வேஷம் கட்டி ஆடியது. ஊரே பார்த்து ரசித்தது. சாமிக்குக் கட்டிய வேஷமாக இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. அது வேஷமே இல்லை, அதுதான் நான் என்று பிள்ளை சொன்னபோதுதான் வீடு ஆடிப்போனது. வீட்டைவிட்டுப் போய், டெல்லியில் திருநங்கையரோடு சேர்ந்து, திரும்பி வந்தபோது அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். வளர்த்த கூந்தலை மழித்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை 'சரியாகிவிடும்' என்று மனதார நம்பியவர்கள் அவர்கள். வெறுத்து ஒதுக்க நினைத்திருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பார்கள். விட்டுவிட மனசு வராமல் அடித்தார்கள். இது அடியை நியாயப்படுத்தாது. ஆனால் பிரியம் இருக்கிற வீட்டில் விழுகிற அடி எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு இந்தக் கதை பாதிதான் புரியும்.

பின்னாளில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவரும் இதே ரேவதிதான்.

அவர் மேடைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1999இல் பெங்களூரில் 'சங்கமா' அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். தன் கதையை எழுதும் முன்பே மற்ற திருநங்கைகளின் வாழ்க்கையைத் தொகுத்து, 2004இல் 'உணர்வும் உருவமும்' நூலைக் கொண்டுவந்தார். அவருடைய தன்வரலாறு வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன்பிறகு 'வெள்ளை மொழி' என்ற பெயரில் தமிழில் அச்சானது. அதையே அ. மங்கையின் இயக்கத்தில் ஓராள் நாடகமாக அவரே நடிக்கத் தொடங்கினார். 2019இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ரேவதி பெயரும் பதாகையில் ஏறியது. நியூயார்க்கில் ஏறிய பெயர் தண்டையார்பேட்டையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி எனக்கு உண்டு.

இந்த வட சென்னைப் பக்கத்து வீடுகளை யோசித்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு போர்ஷன். ஐந்து பேருக்கு ஒரே அறை, ஒரே பீரோ, அந்தப் பீரோவில் ஒரே ஒரு கண்ணாடி. அப்பா துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட், அம்மா காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்விடுவார், அண்ணன் கன்டெய்னர் லாரியோடு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் நிற்பான். வீடு காலியாகும் அந்த ஒரு மணி நேரம்தான் அக்காவின் தாவணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கிற பிள்ளைக்குச் சொந்தமான நேரம். பக்கத்து போர்ஷன் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தாவணி கொடிக்குப் போய்விடும். தனி அறை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரகசியம் சாத்தியம். இங்கே பிள்ளை சொல்லும் முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்ல வாய் வராது. "நாலு பேர் இன்னா பேசுவாங்க" என்பதற்குப் பின்னால் எவ்வளவு பயம், எவ்வளவு பாசம் என்று பிரித்தெடுக்க அந்த அம்மாவாலேயே முடியாது.

நீதிமன்றத்திலும் இந்தக் குரல் ஒலித்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து ஒன்றாக வாழ விரும்பிய இரண்டு இளம்பெண்களைக் காணவில்லை என்று அவர்களுடைய பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தார். ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தது அந்த உத்தரவு. பெற்றோர்களை ஆலோசகரிடம் அனுப்பிப் பேசவைத்தபோது அவர்கள் சொன்னது என்னை இன்னும் உலுக்குகிறது. மகள்கள் இப்படிச் சேர்ந்து வாழ்வதைவிட, காலம் முழுக்கத் துணையே இல்லாமல் தனித்து இருந்துவிடுவது கௌரவம் என்றார்கள். பெற்ற பிள்ளை ஆயுசுக்கும் தனிமையில் கிடந்தால் பரவாயில்லை என்று சொல்லவைக்கிற அளவுக்கு ஊரின் பேச்சு கனமாக இருக்கிறது. எந்தச் சட்டமும் அந்தக் கனத்தை ஒரே நாளில் இறக்கிவைக்காது.

2019இல் வந்த திருநர் சட்டத்தின் 12ஆம் பிரிவையும் பாருங்கள். குடும்பத்தோடு வாழும் உரிமையை அது தருகிறது. குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்ற உத்தரவின்படி மறுவாழ்வு மையம். ரேவதியை மகளாக ஏற்று வளர்த்த திருநங்கைக் குடும்பங்களுக்கு அதில் இடமே இல்லை.

மாறிய வீடுகளும் இருக்கின்றன. தூத்துக்குடியில் ஸ்ரீஜா என்ற திருநங்கைக்கும் அருண்குமாருக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பதிவு செய்யச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஸ்ரீஜாவின் அம்மா மகளுக்குத் துணையாக நின்ற கதை ஆவணப்படமாகவும் வந்திருக்கிறது.

மேடையில் பெண்ணாக நிற்கிற ஆண் வட சென்னைக்குப் புதிதே இல்லை. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்த ஊர் இது. பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் ஸ்திரீபார்ட் பையன்களுக்குக் கிடைத்த கைதட்டல் கொஞ்சமல்ல. தி. க. சண்முகத்துக்கு 'ஔவை' பட்டம் ஒட்டிக்கொண்டதே ஒரு பெண் வேடத்தால்தான். திரைக்கு முன்னால் கிடைத்த அந்த மரியாதை, திரைக்குப் பின்னால் அப்படியே வாழ நினைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மாற்றுகிற வேலையை மங்கை ரேவதிக்கு முன்பே தொடங்கிவிட்டார். திருநங்கைகளின் 'கண்ணாடி கலைக்குழு'வோடு அவர் உருவாக்கிய 'மனசின் அழைப்பு', 'உறையாத நினைவுகள்' இரண்டிலும் நடித்தவர்கள் தங்கள் சொந்தக் கதையைத்தான் பேசினார்கள். ஆனாலும் குழுவாக நிற்கும்போது அம்மா பாத்திரத்தை இன்னொருவர் ஏற்றுக்கொள்ளலாம். தனியாளாக நிற்கிற ரேவதிக்கு அந்த வசதி கிடையாது. தன்னை அடித்த வீட்டுக்குத் தன் குரலையே கொடுக்க வேண்டிய அந்த வேலைக்கு அசாத்தியமான மனத்திடம் வேண்டும்.

இந்த மாதிரி நாடகங்கள் பெரும்பாலும் கல்லூரி அரங்குகளிலும் விழாக்களிலும் நடக்கின்றன. ஏற்கெனவே புரிந்துகொண்டவர்கள் வந்து கண்கலங்கிப் போகிறார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. எனக்கு வேண்டிய பார்வையாளர்கள் வேறு. லாரி ஓட்டுகிற அண்ணன்கள் வர வேண்டும். மாநகராட்சி சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன, தேவாலயத் திருவிழா மேடைகள் இருக்கின்றன, ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்களில் பந்தலே போட்டிருப்பார்கள். டிக்கெட் வேண்டாம், ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் போதும். திருநங்கைகளுக்கென 2008இலேயே நலவாரியம் கண்ட அரசு, இதற்கொரு சிறு தொகை ஒதுக்கினால் கஜானா காலியாகாது. நாளை மட்டும் பார்த்து வையுங்கள்: ஷிஃப்ட் மாறாத ஞாயிற்றுக்கிழமை, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல். அப்போதுதான் இங்கே அப்பாவும் அண்ணனும் வீட்டில் இருப்பார்கள்.