மதில் சூழ்ந்த ஊரும் மிளகுப் பணியாரமும்

சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, பங்கின் இளைஞர் பதினால்வருடன் புவனகிரியிலிருந்து வேனில் புறப்பட்டேன். குடிலுக்குப் பொம்மையும் விண்மீன்களும் வாங்குவது அவர்கள் நோக்கம்; தரங்கம்பாடியைக் காட்டிவருவது என் நோக்கம். சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர் கடந்து போய்ச் சேர்ந்தோம்.

ஊர் முகப்பில் 1792ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற வெண்ணிற வாயில், நெற்றியில் டேனிய அரசரின் முத்திரையோடு நிற்கிறது. ஊரைச் சூழ்ந்திருந்த மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வாயில் மட்டும் காவலை விடவில்லை! உள்ளே அரசர் வீதி. அதன் முடிவில், கடலோரத்தில், கோட்டை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பியது. அவர்களை இங்கே இழுத்துவந்தது மிளகு வாணிகம்.

ஜெர்மானிய நகரங்களின் கிறிஸ்மஸ் சந்தைகளைக் கைப்பேசியில் கண்டிருந்த ஓர் இளைஞன், "மதில் வைத்த பழைய நகரம் என்றீர்களே சாமி, சந்தை எங்கே?" என்றான். எல்லாரும் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. அவன் கேட்ட சந்தைக்கும் இவ்வூருக்கும் உறவு உண்டு.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் டிரெஸ்டன் என்னும் நகரம் உள்ளது. அக்காலத்தில் அதுவும் மதில் சூழ்ந்ததே. அங்கே 1434 முதல் கிறிஸ்மஸ் சந்தை கூடிவருகிறது. அதில் விற்கப்படும் 'ஸ்டோலன்' என்னும் இனிப்பு ரொட்டிக்கு வெண்சர்க்கரை தூவியிருப்பார்கள். துணிகளில் பொதிந்த பாலன் இயேசுவை அது நினைவூட்டும் என்பர். டிரெஸ்டனுக்கு அண்மையில் புல்ஸ்னிட்ஸ் என்றொரு சிற்றூர். 'மிளகுப் பணியாரம்' சுடும் உரிமையை 1558இல் பெற்ற ஊர் அது. மிளகு என்பது பெயரளவில்தான். கீழ்த்திசை வாசனைச் சரக்குகள் அனைத்தையும் அம்மக்கள் மிளகு என்றே அழைத்தனர். நம் கடல்களைத் தாண்டிப் போன சரக்கு, பனிநாட்டு மக்களின் கிறிஸ்மஸ் பலகாரமாயிற்று.

அந்தப் புல்ஸ்னிட்ஸில் 1682இல் பிறந்தவரே சீகன்பால்கு. லுத்தரன் சபைக் குருவாக 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவரோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் பயின்றார்.

நாவிதர் ஒருவரின் கைம்பெண், கடன் வழக்கில் சிக்கித் தவித்தாள். எதிர்வழக்காடியவர் டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஒரு கத்தோலிக்கர். நம்மவர் என்பதற்காக இதை மறைப்பானேன்? அப்பெண்ணுக்காகச் சீகன்பால்கு மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவர் ஹசியுஸ் சினந்து அவரை அழைத்தார். எழுத்து மூலம் ஆணை தருக என்றார் குரு, வந்தது கைது. 1708 நவம்பர் முதல் ஏறத்தாழ நான்கு மாதம் சிறை. மிளகுப் பணியார ஊரில் பிறந்தவருக்கு அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழா இம்மதில்களுக்குள், காவலில் கழிந்தது.

கீழ்த்தள அறைகளில் நின்று இதைச் சொல்லிமுடித்தேன். சரக்கறையாகவும் சிறையாகவும் பயன்பட்ட அறைகள் அவை. அலையோசை உள்ளே கேட்டது. பிள்ளைகள் பேசவில்லை, படம் எடுக்கவும் மறந்துவிட்டனர். அதுவே எனக்கு வியப்பு.

வெளியே வந்து கரையில் சற்று நேரம் செபித்தோம். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்மஸ் விழாவின் மறுநாள் காலை, இக்கடல் கொண்டுபோனவர்களுக்காக.

திரும்பும் வழியில் சிதம்பரம் கடைவீதி. நடைபாதையில் ஒரு மூதாட்டி காகித விண்மீன்களைப் பரப்பியிருந்தார். ஒன்று எண்பது ரூபாய். எம் பிள்ளைகள் பேரம் பேசுவதில் வல்லவர்கள். பாதி விலைக்குக் கொண்டுவராமல் விடமாட்டார்கள். ஒருத்தி "ஐம்பதுக்குக் கொடு பாட்டி" என்று தொடங்கவும் செய்தாள். சந்தை எங்கே என்று கேட்ட இளைஞன் அவளைக் கையமர்த்தினான். ஆறு விண்மீன்களை எடுத்துக்கொண்டு, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு வேனை நோக்கி நடந்தான்.

மீதி இருபது ரூபாயை வாங்க மறந்தானா, விட்டுவந்தானா என்று நான் கேட்கவில்லை.