சூப்பர்மேன் வேடம்

வானில் பறக்கும் வீரனைப் பற்றிப் பேசுவதற்கு வானொலி ஏற்ற இடமா என்று நேயர்கள் ஐயுறலாம். ஆயினும், சூப்பர்மேன் ஒரு நடிகர் வாயிலாக முதலில் உயிர் பெற்றது வானொலியில்தான். 1938-ஆம் ஆண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு இளைஞர்களின் சித்திரக் கதையில் பிறந்த இவ்வீரன், 1940-இல் அமெரிக்க வானொலி நாடகத்திற்கு வந்து சேர்ந்தான். அவனாக நடித்த பட் காலியருக்குச் சிவப்புப் போர்வை இல்லை. பறக்கும் தந்திரம் இல்லை. குரல் ஒன்றே உண்டு. கிளார்க் கென்ட் என்னும் பத்திரிகை நிருபராக மெல்லிய குரலில் தொடங்கிய வாக்கியத்தை, சூப்பர்மேன் என்ற சொல்லை எட்டும்போது கனத்த குரலில் இறக்கி முடிப்பார். உடைமாற்றம் முழுவதும் அந்த ஓர் இறக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

இவ்வேடத்தின் அருமை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மலையைப் புரட்டுவது நடிகரின் வேலை அன்று. அதைத் தந்திரக் காட்சி வல்லுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். புரட்டத் தெரிந்தவன், தெரியாதவனைப்போல் நாள்தோறும் அலுவலகம் போய் வருகிறானே, அதை நம்பும்படி செய்து காட்டுவதுதான் நடிகரின் வேலை.

1948-இல் வெளிவந்த தொடர் படத்தில் கர்க் அலின் நடித்தார். அவர் பறக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கோட்டோவியம் பறந்தது. அடுத்து வந்த ஜார்ஜ் ரீவ்ஸ், 1951-இல் ஒரு படத்திலும், 1952 முதல் 1958 வரை தொலைக்காட்சியிலும் இவ்வேடம் தாங்கினார். அவருடைய கிளார்க் துணிவும் நிதானமும் உள்ள பத்திரிகையாளர். கண்ணாடியைக் கழற்றினாலும் அதே மனிதர். இவரையா உடன் வேலை செய்பவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நாம் வியக்கலாம். அவர் அதைப் பற்றிக் கவலை கொண்டதாகவே தெரியவில்லை.

1978-இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய படத்தில் நடித்தவர் கிறிஸ்டஃபர் ரீவ். பெயர் ஒலிப்பு நெருங்கியிருப்பினும் இவர் முன்னவருக்கு உறவினர் அல்லர். இப்படத்தின் ஒரு காட்சியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். லோயிஸ் லேன் என்னும் நிருபரை வானில் உலவச் செய்து, அவள் வீட்டு மாடியில் விட்டுச் செல்கிறான் சூப்பர்மேன். உடனே கதவைத் தட்டிக்கொண்டு கிளார்க் வருகிறான். அவள் அடுத்த அறைக்குச் சென்றிருக்கும்போது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனிய முதுகு நிமிர்கிறது; தோள் விரிகிறது; குரல் ஆழ்கிறது. நம் கண்ணெதிரே அவன் உயரமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. மறுகணம் மனம் பின்வாங்குகிறது. கண்ணாடி ஏறுகிறது; முதுகு மீண்டும் கூனுகிறது; குரல் தடுமாறுகிறது. தந்திரக் காட்சி எதுவும் இல்லை. காலியர் குரலால் செய்ததை ரீவ் உடம்பு முழுவதாலும் செய்துவிட்டார்.

நடிகர் ஒருவரே ஆயினும் இயக்குநர் மாறினால் வேடமும் மாறும் என்பதற்கு அடுத்த படமே சான்று. இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை எடுத்திருந்த நிலையில், தயாரிப்பாளர்களுடன் ஏற்பட்ட பிணக்கால் டானர் நீக்கப்பட்டார். ரிச்சர்ட் லெஸ்டர் முடித்த படம் 1980-இல் வெளிவந்தது. அதில் கிளார்க் கால் இடறிக் கணப்பு நெருப்பில் கை வைத்துவிடுகிறான், கை சுடவில்லை, குட்டு வெளிப்படுகிறது. டானரின் வடிவமோ 2006-இல்தான் வெளியாயிற்று. அதில் லோயிஸ் அவனை நோக்கித் துப்பாக்கியால் சுடுகிறாள். அவனும் நிமிர்ந்து உண்மையை ஒப்புக்கொள்கிறான். பிறகுதான் அது வெற்றுத் தோட்டா என்கிறாள். லெஸ்டரின் காட்சியில் இடறியது காலா, மறைத்து மறைத்துச் சலித்த மனமா என்று கேட்க இடமுண்டு. ஆயினும் லோயிஸின் அறிவுக்கு மதிப்பளிக்கும் டானரின் காட்சியே எனக்கு உவப்பானது. அக்காட்சியை அவர் படமாக்க வாய்க்காததால், நடிகர் தேர்வுக்காக முன்பு எடுத்த சோதனைப் படத்தையே சேர்த்திருக்கிறார்கள். ரீவ் அதில் உடற்பயிற்சியால் பருப்பதற்கு முன்பிருந்த ஒல்லியான இளைஞர். நிமிர்வுக்குத் தசை தேவைப்படவில்லை!

2006-இல் பிரையன் சிங்கர் இயக்கத்தில் பிராண்டன் ரௌத் நடித்தார். அது ரீவின் நிழலைப் பின்பற்றிய நடிப்பு. 2013-இல் ஸாக் ஸ்னைடர் வேறு வழி பிடித்தார். அவருடைய நாயகன் ஹென்றி கேவில் தாடியுடன் ஊர் ஊராக அலைகிறார். கண்ணாடி அணிந்து பத்திரிகை அலுவலகத்தில் நுழைவது படத்தின் முடிவில்தான். லோயிஸ் அதற்கு நெடுமுன்பே உண்மையைக் கண்டறிந்துவிடுகிறாள். கேவிலின் முகத்தில் துயரம் நன்றாகவே படிந்திருக்கிறது. ஆனால் மறைப்பதற்கு ஒருவரும் இல்லாதபோது மறைப்பவன் எங்கே? எனக்கு அந்தப் படத்தில் கிளார்க் கிடைக்கவில்லை.

லோயிஸுக்கு உண்மை தெரிந்துவிட்டால் வேடமே சுவையற்றுப் போகும் என்று இதனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். 2025-இல் ஜேம்ஸ் கன் இயக்கி, டேவிட் கோரன்ஸ்வெட் நடித்த படம் அம்முடிவை அசைத்துவிட்டது. இங்கே லோயிஸும் கிளார்க்கும் காதலர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். தன்னைத் தானே பேட்டி கண்டு பத்திரிகையில் எழுதிவருகிறான் என்று அவனைக் கேலி செய்கிறாள். அப்படியானால் நீயே பேட்டி எடு என்று இடங்கொடுக்கிறான். ஒலிப்பதிவுக் கருவி இயங்கத் தொடங்கியதும் அவன் குரல் சூப்பர்மேனின் குரலாகிறது. அயல்நாட்டுப் போர் ஒன்றில் எவரையும் கேளாமல் ஏன் தலையிட்டாய் என்று அவள் விடாமல் வினவ வினவ, அந்தக் கம்பீரம் உடைகிறது. மக்கள் மாண்டுபோக இருந்தார்கள் என்று அவன் கத்துகிறான். கத்துவது சூப்பர்மேனும் அன்று, அலுவலகத்துக் கிளார்க்கும் அன்று. இந்த மூன்றாவது குரலை இவ்வேடத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.